ட்யூன் செய்த பழைய ஸ்கூட்டருக்கு ஏற்ற பெட்ரோல்

பழைய லாம்பிரெட்டாவோ வெஸ்பாவோ தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையிலேயே ஓடும்வரை பெட்ரோலைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. இன்னோசென்டி நிறுவனம் 1969இல் மிலானில் வெளியிட்ட லாம்பிரெட்டா ஜிபி 200 வண்டியின் இன்ஜின் 198 சிசி கொள்ளளவு கொண்டது. அது தந்த திறன் ஏறக்குறைய 12 குதிரைத்திறன்தான். அமுக்கம் குறைவு, வேகம் அடக்கம், வெப்பமும் அளவோடு எழும். பங்கில் எந்தப் பெட்ரோல் கிடைத்தாலும் அது ஓடும். அதே இன்ஜினில் போர்ட்டுகளை அகலப்படுத்தி, பெரிய கார்புரேட்டரும் விரிவறைச் சைலன்சரும் பொருத்தினால், அதே கிராங்க் கேஸிலிருந்து 25 குதிரைத்திறனுக்கு மேலும் எடுக்கலாம். 1980களில் பிரிட்டனில் பரவிய டிஎஸ்1 என்ற 225 சிசி சிலிண்டர் செய்தது இதைத்தான். திறன் இருமடங்கானாலும் குளிர்விக்க இருப்பது அதே சிறிய காற்றாடியும் அதே தகர மூடியும்தான். கூடுதலாகப் பிறக்கும் வெப்பத்தை எல்லாம் அவையே கடத்த வேண்டும். எந்தப் பெட்ரோல் என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

இந்த இன்ஜின்களில் பலவற்றுக்கு இந்தியாவோடு உறவு உண்டு. இன்னோசென்டி 1971இல் லாம்பிரெட்டா தயாரிப்பை நிறுத்தியதும், அதன் அச்சுகளும் இயந்திரங்களும் லக்னோவுக்கு வந்தன. அங்கே 1972இல் தொடங்கப்பட்ட ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனம், தமிழ்நாட்டுத் தெருக்களில் ஓடிய விஜய் சூப்பரையும் ஜிபி வகை லாம்பிரெட்டாக்களையும் செய்தது. அந்த ஜிபி வண்டிகளில் ஏராளமானவை பிரிட்டனுக்குக் கப்பலேறின. இன்று அங்கே ட்யூன் செய்து ஓட்டப்படும் பல லாம்பிரெட்டாக்களின் கிராங்க் கேஸ் லக்னோவில் வார்த்ததே.

ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்தவுடன் சிலிண்டருக்குள் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை முழுவதும் ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் நுனியில் பிறந்த தீச்சுடர் விளிம்பை நோக்கி விரிகிறது. 66 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் பிளக் நடுவில் இருந்தால் சுடர் எல்லாப் பக்கமும் 33 மி.மீ. கடந்தால் போதும். பழைய லாம்பிரெட்டாவின் அசல் ஹெட்டிலோ பிளக் ஓரத்தில் சாய்வாக நிற்கும். எதிர்ப்பக்கம் போய்ச்சேரச் சுடருக்கு அதைவிட நெடுவழி. சுடர் வந்து சேருவதற்குள் விளிம்பில் காத்திருக்கும் கடைசிக் கலவை, பின்னாலிருந்து நெருக்கும் அழுத்தத்தால் சூடேறிக்கொண்டே போகிறது. அந்தச் சூடு எல்லை மீறினால் சுடருக்குக் காத்திராமல் அது தானே பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களுக்கிடையே மோதி அதிர்கிறது. மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்வது இதைத்தான்.

நாக்கிங்கின் கேடு அதன் ஓசையில் இல்லை. பிஸ்டன் தலையையும் ஹெட்டையும் ஒட்டி எப்போதும் மெல்லிய வாயுப் படலம் ஒன்று நிற்கிறது. உள்ளே எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், 660 டிகிரியில் உருகும் அலுமினியத்தால் ஆன பிஸ்டன் தாக்குப்பிடிப்பது அந்தப் படலத்தின் காப்பில்தான். நாக்கிங் அலை அதைச் சுரண்டி எடுத்துவிடுகிறது. வெப்பம் நேரே உலோகத்துக்குள் பாய்கிறது. முதலில் பிஸ்டன் தலையின் விளிம்பு மணலடித்தது போலச் சொரசொரப்பாகும். பிறகு ரிங்கின் மேல்விளிம்பு பொடியத் தொடங்கும். கடைசியில் பிஸ்டனில் ஓட்டை விழும், அல்லது அது வீங்கிச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். காரில் இத்தகைய அதிர்வைக் கேட்டு டைமிங்கைப் பின்தள்ளும் உணரி இருக்கிறது. பழைய ஸ்கூட்டரில் அப்படி எதுவும் கிடையாது. காற்றாடியின் இரைச்சலும் சைலன்சரின் ஓசையும் சேர்ந்து நாக்கிங் ஒலியை மூடிவிடுவதால், ஓட்டுபவரின் காதுக்கு எட்டும் முன்பே வேலை முடிந்திருக்கும்.

தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்கும் பெட்ரோலின் திறனையே ஆக்டேன் எண் அளக்கிறது. 1920களில் அமெரிக்க வேதியியலர் கிரஹாம் எட்கர் இதற்கு இரண்டு தூய நீர்மங்களை அளவுகோலாக வைத்தார். எளிதில் நாக்கிங் தரும் ஹெப்டேனுக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு 100. ஒரு பெட்ரோல் 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த நீர்மத்தைப் போல நடந்துகொண்டால் அதன் எண் 95. இந்த எண் பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றலைக் குறிப்பதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்யூன் செய்யாத வெஸ்பாவுக்கு 99 ஆக்டேன் ஊற்றுவதால் அது ஒரு கிலோமீட்டர்கூட வேகமாக ஓடாது. தேவைக்கு மேற்பட்ட ஆக்டேனை இன்ஜின் பயன்படுத்திக்கொள்வதில்லை. தேவைக்குக் குறைந்தால்தான் அது பேசத் தொடங்கும்.

அளக்கும் முறையே இரண்டு வகை. ஆய்வு முறையில் சோதனை இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று மட்டும் ஓடும். உள்ளே போகும் காற்று ஓரளவே வெதுவெதுப்பானது. மோட்டார் முறையில் சுற்று 900, கலவையோ 149 டிகிரி வரை சூடாக்கப்படும். ஒரே பெட்ரோலுக்கு முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது சிறிதாகவும் வரும். ஐரோப்பியத் தரப்படி 95 என்று எழுதி விற்கும் பெட்ரோல் மோட்டார் முறையில் குறைந்தது 85 இருக்க வேண்டும். பிரிட்டனிலும் இந்தியாவிலும் பங்கில் எழுதியிருப்பது ஆய்வு முறை எண். அமெரிக்கப் பங்குகளில் இரண்டின் சராசரி எழுதப்படுகிறது. அங்கே 91 என்பது ஐரோப்பாவின் 95, 96க்கு இணை. அமெரிக்கக் கையேட்டைப் படித்துவிட்டு ஐரோப்பியப் பங்கில் நிற்பவர் இந்த வேறுபாட்டை மறந்தால் முதல் கணக்கிலேயே தவறிவிடுவார்.

ஸ்கூட்டருக்கு மோட்டார் முறை எண்ணே அதிகம் பொருந்துகிறது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் கலவை நேரே சிலிண்டருக்குப் போவதில்லை. முதலில் சூடான கிராங்க் கேஸுக்குள் நுழைந்து, பிஸ்டனின் அடிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு மேலே ஏறுகிறது. காற்றால் குளிரும் சிலிண்டரின் சுவரும் நீரால் குளிர்வதைவிடச் சூடானது. ஆகவே 95, 97, 99 என்று பங்கில் தெரியும் எண்கள் நிழல் மட்டுமே. எத்தனாலின் ஆய்வு எண் 108ஐ ஒட்டி உயர்ந்தாலும் மோட்டார் எண் 90ஐ ஒட்டியே நிற்கிறது. எத்தனால் கலந்து உயர்த்திய எண், கடும் வெப்பத்தில் ஓடும் இன்ஜினில் முழுதாகக் கைகொடுப்பதில்லை.

இன்ஜினுக்கு எவ்வளவு ஆக்டேன் தேவை என்பதை அமுக்க விகிதத்திலிருந்து தொடங்கிக் கணக்கிடுவது வழக்கம். டூ-ஸ்ட்ரோக்கில் இதில் ஒரு சிக்கல் உண்டு. விட்டம் 66 மி.மீ., வீச்சு 58 மி.மீ. உள்ள லாம்பிரெட்டாவில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 198 சிசி. ஹெட்டுக்குள் 22 சிசி இடம் இருந்தால், 220ஐ 22ஆல் வகுக்க விகிதம் 10 வருகிறது. ஆனால் எக்சாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்வரை பிஸ்டனால் எதையும் அமுக்க முடியாது. ட்யூன் செய்த சிலிண்டரில் அந்தப் போர்ட் 180 டிகிரி திறந்திருக்கிறது என்று கொண்டால், உச்சிநிலைக்கு 90 டிகிரி முன்புதான் அது மூடும். 107 மி.மீ. நீளக் கனெக்டிங் ராடோடு கணக்கிட்டால் அப்போது பிஸ்டனுக்கு மீதி வழி 33 மி.மீ.; உண்மையில் அமுக்கப்படுவது 113 சிசி. இந்தக் கணக்கில் விகிதம் 6.1. ஹெட்டைக் கடைந்து 18 சிசியாகக் குறைத்தால் முதல் கணக்கு 12ஐத் தொடும், இரண்டாவது 7.3 ஆகும். ஐரோப்பியர் பெரும்பாலும் முதல் எண்ணையும் ஜப்பானியர் இரண்டாவதையும் எழுதுவார்கள். ட்யூனர் சொல்லும் விகிதம் எந்தக் கணக்கில் என்று கேட்காமல் பெட்ரோலை முடிவுசெய்யக் கூடாது.

இரண்டாவது எண்ணும் முழு உண்மை அல்ல. விரிவறைச் சைலன்சர் தன் இசைவுச் சுற்றில், வெளியே தப்ப முயலும் புதிய கலவையை அழுத்த அலையால் திரும்பச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் பந்தய பைக்குகளை உருவாக்கிய வால்டர் காடன் இந்த அலையை வசப்படுத்தித்தான் 1961இல் 125 சிசியிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். அவர் கண்ட அதே நெறிதான் இன்றைய ஸ்கூட்டர் சைலன்சருக்குள்ளும் இருக்கிறது. அலை கைகொடுக்கும் அந்தச் சுற்றெல்லையில் சிலிண்டர் நிரம்புவதும் அதிகம், நாக்கிங் வாய்ப்பும் அதிகம். எனவே ஆபத்து உச்ச வேகத்தில்தான் என்று எண்ண வேண்டாம். முழு முறுக்குவிசை எழும் இடத்தில், மேட்டில் முழு த்ராட்டிலில் ஏறும்போது அது காத்திருக்கிறது.

அமுக்க விகிதம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு இன்ஜின்களில் ஒன்று 95இல் நிம்மதியாக ஓட, மற்றொன்று 99இலும் நாக்கிங் அடிப்பது உண்டு. காரணம் பெரும்பாலும் ‘ஸ்குவிஷ்’ எனப்படும் இடைவெளி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே எஞ்சும் சந்து அது. 1 முதல் 1.5 மி.மீ. வரை இருந்தால், அங்கிருக்கும் கலவை பிழிந்து நடுவுக்குத் தள்ளப்படுகிறது. சந்தில் ஒட்டிக்கொள்ளும் மிச்சமும் இருபக்க உலோகத்தால் குளிர்ந்து பற்றாமல் கிடக்கிறது. சந்து 2 மி.மீ.க்கு மேல் போனால் கலவை பிழியப்படுவதுமில்லை, குளிர்வதுமில்லை. சுடருக்கு எட்டாத மூலையில் உட்கார்ந்து சூடேறுகிறது. அமுக்கத்தைக் குறைத்தால் பாதுகாப்பு என்று எண்ணி ஹெட்டுக்கு அடியில் தடித்த கேஸ்கெட் வைப்பவர்கள் செய்வது இதையே. அளக்கும் வழி எளிது: பிளக் ஓட்டை வழியாகச் சால்டர் கம்பியை விளிம்புவரை நுழைத்து, கிராங்கை ஒருமுறை கையால் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனை அளந்தால் போதும்.

டைமிங் அடுத்தது. தொழிற்சாலை அமைப்பில் இந்த ஸ்கூட்டர்களில் பொறி உச்சிநிலைக்கு 21 முதல் 23 டிகிரி முன்பு விழும். ட்யூன் செய்த இன்ஜினில் கலவை நெருக்கமாக நிரம்பி வேகமாக எரிவதால் 17, 18 டிகிரியே போதும். பழைய அளவிலேயே விட்டுவிட்டு நாக்கிங்குக்குப் பெட்ரோலைக் குறைசொல்வது வழக்கமாக நடக்கும் பிழை. ஹெட்டும் ஸ்குவிஷும் டைமிங்கும் சரியாக இருந்தபிறகு எஞ்சும் தேவைக்குத்தான் ஆக்டேன் மருந்து.

பிரிட்டனில் இன்று இருக்கும் தெரிவு இரண்டுதான். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. பம்பில் வட்டத்துக்குள் இ10 என்ற குறி இருக்கும். 97க்கு மேற்பட்ட உயர்தரப் பெட்ரோல் இ5 என்ற குறியோடு கிடைக்கிறது. சில பங்குகளில் அது 99. ட்யூன் செய்த லாம்பிரெட்டாவுக்கும் வெஸ்பாவுக்கும் இந்த இரண்டாவதே ஏற்றது. அதற்குக் காரணம் ஆக்டேன் மட்டும் அல்ல. எத்தனால் குறைவாக இருப்பதே சரிபாதிக் காரணம்.

எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ10 பெட்ரோலுக்கு இது 14.1 ஆகிறது. புதிய கார்களில் ஆக்சிஜன் உணரி இதைக் கண்டறிந்து எரிபொருளைக் கூட்டிவிடும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட்டின் ஓட்டை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான். எனவே தூய பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டரில் இ10 ஊற்றினால் கலவை 4 விழுக்காடு மெலிகிறது. மெலிந்த கலவை இன்னும் சூடாக எரியும். அந்தச் சூடு நாக்கிங்கையும், பிஸ்டன் பிடித்துக்கொள்வதையும் அழைக்கும். டெல்லோர்ட்டோ ஜெட்டின் எண் என்பது அதன் ஓட்டையின் விட்டம், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அலகில். பரப்பு 4 விழுக்காடு கூட விட்டம் 2 விழுக்காடு கூடினால் போதும்: 118க்குப் பதில் 120. சின்ன வித்தியாசம்தான். ஆயினும் எல்லையில் ஓடும் இன்ஜினில் பிஸ்டன் பிழைப்பதும் பிடிப்பதும் அந்த இரண்டு எண்களுக்குள் தீர்மானமாகிவிடும்.

எத்தனாலுக்கு நல்ல பக்கமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஆவியாகும்போது அது பெட்ரோலைவிட இருமடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விக்கிறது. ஜெட்டைத் திருத்தி அமைத்த இன்ஜினில் இது உதவியே. பழைய வண்டிக்குத் தொல்லை தருவது அதன் மற்றக் குணங்கள். பழைய ரப்பர் குழாயையும் கிராங்க் சீல்களையும் ஊறவைத்தோ கடினமாக்கியோ கெடுக்கும். டேங்கின் உட்பக்கம் துருவுக்குப் பூசிய ரெசின் பூச்சைக் கரைத்துச் சளி போலாக்கி ஜெட்டை அடைக்கும். கிராங்க் சீல் கெட்டால் அதன் வழியே காற்று நுழைந்து கலவை மேலும் மெலியும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கிறது. ஓரளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டூ-ஸ்ட்ரோக்கில் இதன் விளைவு கொடியது. எண்ணெய் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, டேங்கின் அடியிலிருந்து எடுக்கும் ரிசர்வ் குழாய் எண்ணெயற்ற நீர்மத்தை இன்ஜினுக்கு அனுப்பும்.

இந்தியாவில் 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 இப்போது நாடெங்கும் பரவியிருக்கிறது. அதற்குத் தேவையான காற்று 13.5 மடங்குதான்; தூய பெட்ரோலுக்கு அமைத்த 118 ஜெட் ஏறக்குறைய 123 ஆக வேண்டும். தமிழ்நாட்டில் பழைய லாம்பியையோ விஜய் சூப்பரையோ வெஸ்பாவையோ மீட்டெடுத்து, கூடவே ட்யூனும் செய்பவர் இந்தக் கணக்கை விட்டுவிட முடியாது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் கொண்டுவந்த எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோல் சில நகரங்களின் தேர்ந்த பங்குகளில் கிடைக்கிறது. அதற்கென்று ஹெட்டைக் கடைந்துவிட்டால், ஊர் தாண்டியதும் ஊற்ற ஒன்றுமிருக்காது.

வழியில் கிடைக்கக்கூடிய மிகத் தாழ்ந்த பெட்ரோலுக்கு ஏற்ப இன்ஜினை அமைப்பதே சரியான வரிசை. கடை விளம்பரத்திலுள்ள மிக உயர்ந்த எண்ணுக்கு ஏற்ப அமைப்பது பந்தயத் தடத்துக்குப் பொருந்தும், சாலைக்குப் பொருந்தாது. வைட் தீவு ஸ்கூட்டர் திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப் போகிறவர் ஏதோ ஒரு கிராமப் பங்கில் இ10 மட்டுமே கிடைக்கும் நிலைக்கு ஆளாகத்தான் செய்வார். அப்போது முழு த்ராட்டிலைத் தவிர்த்து ஓட்டிவிட்டு, அடுத்த நகரத்தில் உயர்தரப் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளும்படி இன்ஜினில் சற்று இடம் விட்டிருக்க வேண்டும்.

ஈயத்தைப் பற்றிய பழைய அச்சம் இங்கே தேவையில்லை. 1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டனில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ரா-எத்தில் ஈயம் ஆக்டேனை உயர்த்தியது. கூடவே ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின்களின் எக்சாஸ்ட் வால்வு இருக்கையைத் தேய்மானத்திலிருந்தும் காத்தது. டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டரில் அந்த வால்வே இல்லை. பிரிட்டனும் இந்தியாவும் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டபோது ஸ்கூட்டர்கள் இழந்தது ஆக்டேனை மட்டுமே. பிளக்கில் ஈயம் படிவது நின்றதால் லாபமும் அடைந்தன. ஈயத்துக்கு மாற்று என்று விற்கும் புட்டிகளுக்குச் செலவிடும் பணம் வீண். ஆக்டேன் கூட்டும் புட்டிகளிலும் கவனம் வேண்டும். ‘30 புள்ளி உயரும்’ என்றால் பெரும்பாலும் 3 எண் என்றே பொருள். அவற்றில் உள்ள மாங்கனீசு, இரும்புச் சேர்மங்கள் பிளக்கில் செம்மஞ்சள் படிவாகி மின்பொறியைத் திருப்பிவிடும். விமானப் பெட்ரோலில் இன்னும் ஈயம் இருக்கிறது. பிரிட்டனில் அதைச் சாலை வண்டியில் ஊற்றுவது சட்டத்துக்கு மாறானது.

பெட்ரோலோடு கலக்கும் டூ-டி ஆயிலும் கணக்கில் வர வேண்டியதே. 2 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கு எண்ணெயைக் கூட்டினால் உராய்வுக்குப் பாதுகாப்பு கூடும். ஆனால் ஜெட் வழியே போகும் நீர்மத்தில் பெட்ரோலின் பங்கு அந்த அளவு குறைவதால் கலவை மெலிகிறது. எண்ணெயின் குறைந்த ஆக்டேன் மொத்த எண்ணையும் சற்றுக் கீழிழுக்கும். எண்ணெயின் அளவை மாற்றியவர் ஜெட்டையும் சோதிக்க வேண்டும்.

இத்தனை கணக்கும் சரிதானா என்பதை இன்ஜினே சொல்லும். பெட்ரோலை முடிவுசெய்து ஜெட்டை அமைத்த பிறகு, நீண்ட நேரான சாலையில் முழு த்ராட்டிலில் ஓடி, கிளட்சைப் பிடித்து அதே கணத்தில் இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெண்பீங்கானில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகளோ, வெள்ளிப் பொடி போல அலுமினியத் துகள்களோ இருந்தால் நாக்கிங் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. பீங்கான் சுத்த வெள்ளையாக வெளிறியிருந்தால் கலவை மெலிந்திருக்கிறது. பிளக்கின் அடியில் வளையமாகப் பொருத்தும் வெப்பமானி இதைவிட நல்ல துணை. மேடோ வேகமோ மாறாத நிலையில் முள் திடீரென்று ஏறத் தொடங்கினால், அதுவே காதுக்குக் கேட்காத நாக்கிங்கின் அறிகுறி. அப்போதே த்ராட்டிலைத் தணிக்க வேண்டும். ஒரு பெட்ரோலில் அமைத்து முடித்த இன்ஜினுக்குப் பிறகு அதே வகைப் பெட்ரோலையே ஊற்றிவருவது நல்லது. இன்று 95 இ10, நாளை 99 இ5 என்று மாற்றினால் பிளக் சொல்லும் செய்தியும் வாரந்தோறும் மாறும்.

குளிர்காலம் முழுதும் கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு டேங்க் பெட்ரோலே பகையாகிவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிட, எஞ்சும் கனமான பகுதி வசந்தத்தில் கிக்கருக்குப் பணியாது. வண்டியை நிறுத்தும்முன் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் வறண்டு இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிடுவதே பழைய நல்ல வழக்கம். டேங்கில் மிஞ்சிய எண்ணெய் கலந்த பெட்ரோலைப் பாதுகாப்பாக வெளியேற்றிவிட்டு, புறப்படும் நாளில் புதிதாக நிரப்பிக்கொள்வது, கடைந்த ஹெட்டும் அகலப்படுத்திய போர்ட்டும் கொண்ட இன்ஜினுக்குக் கட்டாயம்.